ஆபத்தான சரக்குக்கு லேபிள் ஒட்டுவது எப்படி: பெட்டி முதல் கன்டெய்னர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

லாரி கவிழ்ந்து கிடக்கிறது. டிரைவருக்கு நினைவில்லை. சரக்குக் காகிதங்கள் நசுங்கிய கேபினுக்குள் எங்கோ இருக்கின்றன. தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்குகிறவருக்கு அந்த நேரத்தில் கிடைக்கிற ஒரே விவரம், வண்டியின் மேலும் பெட்டிகளின் மேலும் ஒட்டியிருப்பதுதான். தண்ணீர் அடிக்கலாமா, எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது, மூச்சுக்கருவி மாட்டாமல் கிட்டே போகலாமா என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்ய வேண்டும். லேபிள் அவருக்காக ஒட்டப்படுவது. கிடங்கிலிருந்து சரக்கை அனுப்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சோதனையில் பெட்டி திரும்பி வராமல் இருந்தால் போதும் என்ற நினைப்பில் ஒட்டுகிறார்கள். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பெட்டியைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர் முதன்முறையாகப் பார்த்தால், சரியானதைப் புரிந்துகொள்வாரா?

விதிகளுக்கெல்லாம் வேர் ஒன்றுதான். ஐக்கிய நாடுகள் அவையின் மாதிரி விதிமுறைகள், 1956-இல் முதலில் வந்தவை, அட்டையின் நிறத்தால் 'ஆரஞ்சு புத்தகம்' என்று தொழிலில் அழைக்கப்படுபவை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன. கடல்வழிக்கான ஐ.எம்.டி.ஜி. விதித்தொகுப்பு, விமானத்துக்கான ஐ.சி.ஏ.ஓ. தொழில்நுட்ப அறிவுறுத்தல்கள், அவற்றை ஒட்டி ஆண்டுதோறும் வரும் ஐ.ஏ.டி.ஏ. கையேடு, ஐரோப்பியச் சாலைகளுக்கான ஏ.டி.ஆர். எல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான். அடிப்படை ஒன்றாக இருந்தாலும் வழிக்கு வழி சில விவரங்கள் மாறும். உங்கள் மேசையில் இருக்கும் பதிப்பு நடப்புப் பதிப்புதானா என்று முதலில் பாருங்கள்.

படி 1: பொருளை வகைப்படுத்துங்கள்

லேபிள் ஒட்டுவது கடைசி வேலை. தவறுகளில் பெரும்பாலானவை அதற்கு வெகு முன்பே, இந்த முதல் படியிலேயே பிறந்துவிடுகின்றன.

தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளை எடுங்கள். அதில் 16 பிரிவுகள் இருக்கும். 14-ஆம் பிரிவில் போக்குவரத்துக்கான யூ.என். எண் (பொருளை அடையாளம் காட்டும் நான்கு இலக்க எண்), பெயர், வகுப்பு, பேக்கிங் குரூப் எல்லாம் இருக்கும். ஆனால் அதை மட்டும் பார்த்து நகலெடுத்துவிடாதீர்கள். 3-ஆம் பிரிவில் கலவை என்ன, 9-ஆம் பிரிவில் தீப்பற்று வெப்பநிலை, அதாவது ஃபிளாஷ் பாயின்ட் என்ன என்று பார்த்து, 14-ஆம் பிரிவு அவற்றோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். செறிவு மாறினாலே எண் மாறிவிடும். 51 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள சல்ஃப்யூரிக் அமிலம் யூ.என். 1830. அதே அமிலம் 51 சதவீதம் அல்லது அதற்குக் குறைவு என்றால் யூ.என். 2796. கன அளவில் 24 சதவீதத்துக்கு மேற்படாத ஆல்கஹால் கலந்த நீர்க்கரைசல், விதிப்பட்டியலில் எத்தனால் என்ற பெயரின் கீழ் வந்தாலும் இந்த விதிகளுக்கு உட்படாது. தரவுத் தாள் எழுதப்பட்ட பிறகு கலவையில் நீங்களே தண்ணீர் சேர்த்திருந்தால், அந்தத் தாள் இப்போது வேறொரு பொருளைப் பற்றிப் பேசுகிறது.

வகுப்புகள் ஒன்பது. 1 வெடிபொருள், ஆரஞ்சு நிறம். 2 வாயுக்கள்: எரியக்கூடியது 2.1 சிவப்பு, எரியாததும் நச்சில்லாததும் 2.2 பச்சை, நச்சு வாயு 2.3 வெள்ளையில் மண்டையோடு. 3 தீப்பற்றும் திரவம், சிவப்பு. 4-இல் மூன்று பிரிவுகள்: தீப்பற்றும் திடப்பொருள் 4.1 சிவப்பு வெள்ளைச் செங்குத்துக் கோடுகள். தானாகவே பற்றிக்கொள்வது 4.2 மேலே வெள்ளை, கீழே சிவப்பு. தண்ணீர் பட்டால் எரியும் வாயுவை விடுவது 4.3 நீலம். 5.1 ஆக்சிடைசர், அதாவது மற்றவை எரிவதைத் தூண்டும் பொருள், மஞ்சள், 5.2 ஆர்கானிக் பெராக்சைடு மேலே சிவப்பு கீழே மஞ்சள். 6.1 நச்சு, 6.2 தொற்றுப்பொருள், இரண்டும் வெள்ளை. 7 கதிரியக்கம். 8 அரிக்கும் பொருள், மேல்பாதி வெள்ளை கீழ்பாதி கறுப்பு. 9 மற்றவை, மேல்பாதியில் ஏழு கறுப்புக் கோடுகள்.

இவற்றில் நீலத்தைத் தனியாக மனதில் வையுங்கள். தீ என்றதும் குழாயைத் திருப்புவதுதான் எல்லோருக்கும் இயல்பு. அந்தக் கையைத் தடுக்கக்கூடியது 4.3 லேபிள் மட்டுமே. மற்ற லேபிள்கள் விடுபட்டால் ஆபத்து கூடலாம். இது விடுபட்டால் உதவிக்கு வந்தவரே தீயை வளர்த்துவிடுவார்.

வகுப்புக்குப் பிறகு பேக்கிங் குரூப். 1 என்றால் ஆபத்து அதிகம், 2 நடுத்தரம், 3 குறைவு. தீப்பற்றும் திரவங்களுக்குக் கணக்கு எளிது: கொதிநிலை 35 டிகிரி செல்சியசுக்குள் இருந்தால் குரூப் 1; அதற்கு மேல் கொதித்து ஃபிளாஷ் பாயின்ட் 23 டிகிரிக்குக் கீழே இருந்தால் குரூப் 2; 23 முதல் 60 வரை என்றால் குரூப் 3. வாயு, கதிரியக்கம் போன்ற சில வகுப்புகளுக்கு பேக்கிங் குரூப் கிடையாது.

ஒரு பொருளுக்கு இரண்டு மூன்று ஆபத்துகளும் இருக்கலாம். பட்டியலில் பெயர் இருந்தால் முதன்மை எது, துணை எது என்று அங்கேயே சொல்லியிருக்கும். பெயர் இல்லாத கலவை என்றால் விதிமுறையில் உள்ள முன்னுரிமை அட்டவணையைப் பார்க்க வேண்டும்; உங்கள் அனுமானம் செல்லாது.

படி 2: எண்ணும் பெயரும்

பெட்டியின் மேல் எழுத வேண்டியது விதிப்பட்டியலில் உள்ள முறையான சரக்குப்பெயர். கடையில் விற்கும் வணிகப்பெயர் இங்கே எதற்கும் உதவாது. 'சூப்பர் கிளீனர்' என்று எழுதியிருந்தால் அதற்குள் காரம் இருக்கிறதா, கரைப்பான் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? பட்டியலில் நேரடியாகப் பெயர் இல்லாவிட்டால் 'வேறு வகையில் குறிப்பிடப்படாதது' என்ற பொதுப்பதிவு ஒன்று பொருந்தும். உதாரணமாக யூ.என். 1993, தீப்பற்றும் திரவம். அப்படிப்பட்ட பதிவுகள் பெரும்பாலானவற்றில், ஆபத்துக்குக் காரணமான வேதிப்பொருளின் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்தாக வேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

ஒரு தவறான சொல் என்ன செய்யும் என்பதற்கு 1996 மே 11 சாட்சி. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வேல்யூஜெட் 592 விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்து 110 பேரும் இறந்தார்கள். சரக்கறையில் இருந்தவை வேதிமுறையில் ஆக்சிஜன் உண்டாக்கும் கருவிகள். இயங்கத் தொடங்கினால் கடுமையாகச் சூடாகும். கூடவே ஆக்சிஜனையும் விட்டு நெருப்பை வளர்க்கும். பாதுகாப்பு மூடிகள் மாட்டப்படாமலேயே அவை பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன. சரக்குச் சீட்டில் அவை 'காலி' ஆக்சிஜன் கலன்கள் என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லைப் படித்த யாருக்கும் அவற்றைத் தடுத்து நிறுத்தக் காரணம் தோன்றவில்லை. பெயரும் வகுப்பும் சரியாக எழுதப்பட்டிருந்தால் அந்தப் பெட்டிகள் விமானத்தின் பக்கமே வந்திருக்காது.

படி 3: பெட்டி தகுதியானதா?

சரியான லேபிளைத் தகுதியில்லாத பெட்டியில் ஒட்டிப் பயனில்லை. சோதனை தாண்டிய பெட்டியிலோ டிரம்மிலோ வட்டத்துக்குள் சிறிய யூ.என். எழுத்துகளும் அவற்றை ஒட்டி ஒரு நீண்ட குறியீடும் அச்சாகியிருக்கும். அதில் 4ஜி என்றால் அட்டைப்பெட்டி, 1ஏ1 என்றால் மேல்மூடி கழற்ற முடியாத இரும்பு டிரம். அடுத்து வரும் எழுத்து முக்கியம்: எக்ஸ் என்றால் மூன்று பேக்கிங் குரூப்புக்கும் ஆகும், ஒய் என்றால் 2, 3, இசட் என்றால் 3 மட்டும். லேபிள் ஒட்டும்போது இந்தக் குறியீட்டை மறைத்துவிடாதீர்கள்.

படி 4: ஒரு பெட்டியை முழுதாக ஒட்டிப் பார்ப்போம்

விதிகளைத் தனித்தனியாகப் படிப்பதைவிட ஒரு பெட்டியைக் கையில் எடுத்தால் விளங்கிவிடும். நான்கு கண்ணாடி பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் இரண்டரை லிட்டர் மெத்தனால், ஒரு 4ஜி அட்டைப்பெட்டி.

மெத்தனால் யூ.என். 1230, வகுப்பு 3, துணை ஆபத்து 6.1, பேக்கிங் குரூப் 2. பெட்டியில் ஒய் அல்லது எக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இசட் என்றால் அப்போதே ஒதுக்கிவையுங்கள்.

பெட்டியின் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மேல்மூடியைவிடப் பக்கவாட்டுச் சுவர் நல்லது. பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அது தெரியும். அதில் யூ.என். என்ற எழுத்துகளோடு 1230, பக்கத்திலேயே மெத்தனால் என்ற பெயர். எண்ணின் உயரம் பொதுவாக 12 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். 30 லிட்டர் அல்லது 30 கிலோவுக்குள் அடங்கும் பொதிகளுக்கு 6 மில்லிமீட்டர் போதும். இந்தப் பெட்டி அந்தச் சலுகைக்குள் வருகிறது. ஆனாலும் இடம் இருக்கும்போது 12-ஐயே போடுங்கள் என்பேன். புகைக்கு நடுவில் தள்ளி நின்று படிப்பவருக்கு அந்த 6 மில்லிமீட்டர் வித்தியாசம் பெரிது.

அதே பக்கத்தில், பெயருக்கு அருகிலேயே, வகுப்பு 3-இன் சிவப்பு லேபிள். அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல் 6.1-இன் மண்டையோட்டு லேபிள். இரண்டும் 100க்கு 100 மில்லிமீட்டர் சதுரம், ஒரு முனை மேலே இருக்கும்படி சாய்சதுரமாக. சிவப்பை ஒரு பக்கத்திலும் மண்டையோட்டை எதிர்ப்பக்கத்திலும் ஒட்டினால், ஒரு திசையிலிருந்து பார்ப்பவருக்குப் பாதி உண்மைதான் தெரியும். மெத்தனால் எரியும் என்று பலருக்கும் தெரியும், நச்சு என்பதுதான் தெரியாது. அதனால்தான் துணை லேபிள் இவ்வளவு முக்கியம்.

உள்ளே திரவம், அதுவும் பாட்டில்களில். ஆகவே மேல்நோக்கிய அம்புக்குறிகள் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் போட்டுவிட்டு விடுவது நான் அடிக்கடி பார்க்கும் குறை.

இதே பெட்டி விமானத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புபவர், பெறுபவர் இருவரின் பெயரும் முகவரியும் பெட்டியிலேயே இருக்க வேண்டும். பயணிகள் விமானத்தில் ஒரு பொதிக்கு ஒரு லிட்டர் மெத்தனால்தான் அனுமதி. இங்கே பத்து லிட்டர் இருக்கிறது. ஆகவே 'சரக்கு விமானத்துக்கு மட்டும்' என்ற ஆரஞ்சு லேபிளும் ஆபத்து லேபிள்களின் அருகில் வர வேண்டும்.

சரி, இரண்டரை லிட்டர் பாட்டில்களுக்குப் பதிலாக ஒரு லிட்டர் பாட்டில்கள் என்றால்? மெத்தனாலுக்கு 'வரையறுக்கப்பட்ட அளவு' உள்பாட்டிலுக்கு ஒரு லிட்டர். பெட்டியின் மொத்த எடை 30 கிலோவைத் தாண்டாவிட்டால், சாலையிலும் கடலிலும் வகுப்பு லேபிள்கள் இல்லாமல், மேல்முனையும் கீழ்முனையும் கறுப்பாக நடுவில் வெள்ளையாக இருக்கும் சாய்சதுரக் குறியுடன் அனுப்பலாம். அம்புக்குறிகள் அப்போதும் வேண்டும். விமானத்தில் இதே குறியின் நடுவில் ஒய் எழுத்து வரும். அங்கே அளவுகளும் வேறு, வகுப்பு லேபிள்களும் கூடவே வேண்டும்.

படி 5: ஒட்டும் விதம்

மூலையில் மடித்து ஒட்டாதீர்கள். லேபிள் முழுவதும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். சீல் டேப்போ கட்டும் பட்டையோ அதன் மேல் ஓடக்கூடாது. பின்னணி நிறத்தோடு கலந்துபோகும் என்றால் வெளிவிளிம்புக் கோடு உள்ள லேபிளைப் பயன்படுத்துங்கள். சிவப்பு டிரம்மில் சிவப்பு லேபிள் பத்தடி தள்ளி நின்றால் காணாமல் போய்விடும். ஒட்ட இடமே இல்லாத சிறிய அல்லது கோணலான பொதிக்கு, உறுதியாகக் கட்டிய அட்டையில் ஒட்டித் தொங்கவிடலாம்.

தாளின் தரத்தில் சிக்கனம் பார்க்கும் இடம் இதுவல்ல. கடல்வழி விதி, கடல்நீரில் மூன்று மாதமாவது மூழ்கிக் கிடந்தாலும் குறிகள் படிக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. இதைச் சோதிக்க பி.எஸ். 5609 என்ற தரநிலை இருக்கிறது. சாதாரணத் தாளில் இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்து ஒட்டியது முதல் மழையிலேயே வழிந்துவிடும். லேபிள் தாள் மட்டும் தரமாக இருந்து, அதில் அச்சிடும் மை ரிப்பன் அதற்கேற்றதாக இல்லாவிட்டாலும் இதே கதிதான்.

அப்புறம், தேவைக்கு மேல் ஒட்டுவது. 'பாதுகாப்புக்கு இருக்கட்டுமே' என்று பொருந்தாத லேபிளைச் சேர்ப்பதும் தவறான தகவல்தான். ஆபத்தே இல்லாத பெட்டிகளில் லேபிள்களைப் பார்த்துப் பழகியவர், உண்மையான ஆபத்து வரும்போது அதையும் கவனிக்காமல் கடந்துவிடுவார்.

கடைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பார்க்கும், சிவப்பு விளிம்பும் வெள்ளை நடுப்பகுதியும் உள்ள ஜி.எச்.எஸ். சின்னங்கள் வேறு. அவை பொருளைக் கையாள்பவருக்கானவை. உள்பாட்டிலில் அவை இருக்கும் என்பதால் வெளிப்பெட்டியில் போக்குவரத்து லேபிள் வேண்டாம் என்றாகிவிடாது.

படி 6: கூடுதல் குறிகள்

நீர்வாழ் உயிர்களுக்குக் கேடானது என்றால் செத்த மீனும் மரமும் உள்ள குறி. பெரும்பாலும் ஐந்து லிட்டர் அல்லது ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட கொள்கலன்களில்தான் இது தேவைப்படும். உலர்பனி, யூ.என். 1845, வகுப்பு 9. விமானத்தில் அதன் நிகர எடையைப் பெட்டியில் எழுத வேண்டும்.

லித்தியம் பேட்டரிதான் இன்று அதிகம் குழப்புவது. தனியாகப் போகும் லித்தியம் அயான் பேட்டரி யூ.என். 3480, கருவியோடு அல்லது கருவிக்குள் போனால் 3481. லித்தியம் மெட்டல் என்றால் 3090, 3091. இவற்றுக்கு வழக்கமான 9-ஆம் வகுப்பு லேபிளை ஒட்டக்கூடாது. மேலே கோடுகளும் கீழே தீப்பிடிக்கும் பேட்டரிகளும் உள்ள தனி லேபிள் இருக்கிறது. லித்தியம் அயானில் செல்லுக்கு 20 வாட்-மணி, பேட்டரிக்கு 100 வாட்-மணி என்ற எல்லைக்குள் உள்ளவற்றுக்குச் சில சலுகைகள் உண்டு. அப்போது சிவப்புக் கோடு போட்ட விளிம்புள்ள பேட்டரி குறியில் யூ.என். எண்ணை எழுதி ஒட்டினால் போதும். ஆனால் விமானத்தில் தனியாகப் போகும் அயான் பேட்டரிகளுக்கு அந்தச் சலுகை 2022 ஏப்ரலில் முடிந்துவிட்டது. பயணிகள் விமானத்தில் அவற்றைச் சரக்காக அனுப்புவதற்கே 2016 ஏப்ரல் முதல் தடை. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் ஒரு சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து இரு விமானிகளும் இறந்தார்கள். அதில் ஏற்றியிருந்த லித்தியம் பேட்டரிப் பொதிகளில் சில, ஆபத்தான சரக்கு என்று அறிவிக்கப்படவே இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது.

கதிரியக்கப் பொதிகளுக்கு வெள்ளை 1, மஞ்சள் 2, மஞ்சள் 3 என்று மூன்று வகை லேபிள்கள், எதிரெதிர் பக்கங்களில் இரண்டு. எந்த வகை என்பது வெளிப்பரப்பிலும் ஒரு மீட்டர் தள்ளியும் அளந்த கதிர்வீச்சைப் பொறுத்தது. அளக்கும் கருவியும் பயிற்சியும் இல்லாதவர்கள் இதில் கைவைக்கக்கூடாது.

படி 7: பல பெட்டிகளை ஒன்றாகச் சுற்றும்போது

பலகையில் அடுக்கி நெகிழித்தாளால் சுற்றினால் அது ஓவர்பேக். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வகை ஆபத்தின் லேபிளும் எண்ணும் வெளியிலிருந்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவற்றை மறுபடி வெளியே ஒட்டி, 'ஓவர்பேக்' என்று 12 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும். கறுப்பு நெகிழித்தாளைத் தவிர்த்துவிடுங்கள், பாதி வேலை குறையும்.

படி 8: வண்டியும் கன்டெய்னரும்

பெட்டியில் லேபிள், வண்டியில் பிளக்கார்டு. வடிவம் அதேதான், அளவு 250க்கு 250 மில்லிமீட்டர். கடல்வழிக் கன்டெய்னரில் நான்கு பக்கமும் ஒட்ட வேண்டும், கதவுப் பக்கம் உட்பட. டேங்க்கில் போகும் சரக்குக்கும், ஒரே பொருள் பெருமளவில் போகும்போதும் யூ.என். எண்ணையும் வெளியே காட்ட வேண்டும். இலக்கங்கள் 65 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக்கூடாது.

ஐரோப்பிய முறையைப் பின்பற்றும் இடங்களில் வண்டியில் ஆரஞ்சுத் தகடு இருக்கும். மேல்வரிசையில் ஆபத்து எண், கீழ்வரிசையில் யூ.என். எண். 33 மேலே, 1203 கீழே என்றால் பெட்ரோல். இலக்கம் இரட்டித்தால் அந்த ஆபத்து தீவிரம் என்று பொருள். 80, 1830 என்றால் அடர் சல்ஃப்யூரிக் அமிலம். முன்னால் எக்ஸ் இருந்தால் தண்ணீரோடு ஆபத்தாக வினைபுரியும்: சோடியம் உலோகத்துக்கு எக்ஸ்423, 1428.

புகைமூட்டிய கன்டெய்னரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூச்சி அழிக்க வாயு செலுத்திய கன்டெய்னருக்குள் இருப்பது வெறும் மரச்சாமானாகவோ தானியமாகவோ இருக்கலாம். ஆனால் கதவைத் திறந்து உள்ளே நுழைபவர் உயிரிழக்க நேரலாம். மண்டையோடு போட்ட எச்சரிக்கைக் குறியை, திறப்பவர் கண்ணில் படும் இடத்தில், எந்த வாயு, எந்தத் தேதி, எந்த நேரம் என்ற விவரங்களோடு ஒட்டுங்கள். காற்றோட்டம் செய்த தேதியையும் அதில் குறித்தாக வேண்டும். சரக்கை இறக்கும் வரை அது அங்கேயே இருக்கட்டும்.

படி 9: ஒத்துப்பாருங்கள், அப்புறம் அகற்றுங்கள்

சரக்கு ஆவணத்தில் வரிசை இப்படி இருக்கும்: யூ.என். 1230, மெத்தனால், 3 (6.1), பேக்கிங் குரூப் 2. இதைப் பெட்டியோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். ஒட்டியவரே சரிபார்க்க வேண்டாம். இன்னொருவர் ஆவணத்தைப் படிக்க, மற்றவர் பெட்டியைப் பார்த்துச் சொல்லட்டும். ஒட்டிய பிறகு நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்வது பின்னால் எழும் பல தகராறுகளைத் தீர்க்கும்.

பழைய அட்டைப்பெட்டியை மறுபடி பயன்படுத்தினால், முந்தைய சரக்கின் லேபிளைக் கிழித்தெடுங்கள் அல்லது முழுதாக மறையுங்கள். பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டால் போதாது.

காலி டிரம்முக்கு விதி இதற்கு நேர் எதிர். ஊற்றி முடித்தது என்பதால் அது காலியாகிவிடாது. அடியில் தேங்கிய கொஞ்சம் திரவமும் உள்ளே நிறைந்த ஆவியும், நிறைந்த டிரம்மைவிட எளிதாக வெடிக்கலாம். அதைக் கழுவி, ஆவியை நீக்கி முடிக்கும் வரை எல்லா லேபிள்களும் அப்படியே இருக்க வேண்டும். சுத்தம் செய்து முடித்ததும் அன்றே அகற்றிவிடுங்கள். டேங்கருக்கும் கன்டெய்னருக்கும் பிளக்கார்டு விஷயத்தில் இதே கணக்குதான்: மிச்சம் இருக்கும் வரை ஒட்டியே இருக்கட்டும், மிச்சம் போனதும் அடுத்த சரக்கை ஏற்றும் முன் கழற்றிவிட வேண்டும்.